காலனி நெல்

அறுப்பு மெஷினைக் கழுவிவிட்டு என் வயலில் இறக்குங்கள் என்று ஒரு தடவை கேட்டேன். அதைக் கேட்டதற்காக என்னைத் திமிர் பிடித்தவன் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். பஸ்ஸில் என் இடம் வந்தும், கண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லத் தயங்கி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்குத் திமிர் என்று பட்டம். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நடந்தது நடந்தபடி எங்காவது இருக்க வேண்டும்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில் பாதியில் பிரிந்து உள்ளே போனால் எங்கள் ஏரி. ஏரிக்கு அடியில் முதலில் இருப்பது ஊர்க்காரர்களின் வயல்கள். அவற்றைத் தாண்டி, கால்வாய் முடியும் இடத்தில், காலனியில் இருக்கிற எங்களுடைய துண்டுகள். அப்பா காலம்வரை காலனியில் ஒருவருக்கும் சொந்த நிலம் கிடையாது. ஊர்க்காரர்களின் வயலில் நட்டோம், அறுத்தோம், கூலி வாங்கினோம். தொண்ணூறுகளில் ஊரில் சில குடும்பங்கள் பிள்ளைகளின் வேலைக்காகக் கூடுவாஞ்சேரிப் பக்கம் போனார்கள். போகும்போது நல்ல நிலத்தை உறவுக்குள் கொடுத்துவிட்டு, வேண்டும்போது தண்ணீர் எட்டாமல், வழியும்போது தேங்கி நிற்கிற கடைசித் துண்டுகளை எங்களுக்கு விற்றார்கள். நான் அப்போது கல்பாக்கம் டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் தோட்டவேலை பார்த்தேன். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியதுதான் என் வயல். வாங்கியபோது அது கோரையும் உப்பும். மனைவியும் நானும் அதை வயலாக்கினோம்.

வயலானதும் என் மனைவிக்கு ஒரு ஆசை வந்தது. மில்லுக்குப் போகிற நெல் வேண்டாம், விதைநெல் போடலாம் என்றாள். அவள் சிறு வயதிலிருந்து நடவுக்குப் போனவள். நடும்போதே நாற்றில் வேறு சாதி கலந்திருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். கலந்து நிற்கும் பயிரைக் கலவன் என்போம். கதிர் வருகிற நேரத்தில் தினமும் வயலில் இறங்கி, உயரம் மாறி நிற்பது, நிறம் மாறி நிற்பது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் போடுவாள். விதை ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து வயலைச் சுற்றிப் பார்ப்பார். சரியாக இருந்தால் எங்கள் நெல் சுத்தம் செய்யப்பட்டு, மூட்டையில் நீல அட்டை தைக்கப்பட்டு, விதையாக வெளியூர்களுக்குப் போகும். முதல் முறை அந்த அட்டையோடு மூட்டைகள் லாரியில் ஏறியபோது என் மனைவி லாரி வளைவில் மறையும்வரை ரோட்டிலேயே நின்றாள். எவன் எவன் வயலிலோ கூலிக்கு நட்டோம், இனி எவன் எவன் வயலிலோ நம்ம நெல்லு முளைக்கும் என்றாள். அவள் அதிகம் சிரிக்கிறவள் இல்லை. அன்றைக்குச் சிரித்தாள்.

அந்த அட்டைதான் எங்களுக்கு எல்லாம்.

களை என்பது வண்டியில் ஏறி வரும் என்று எனக்கு முன்பே தெரியும். தொண்ணூறுகளில் கடற்கரை ரோட்டை அகலப்படுத்தியபோது எங்கிருந்தோ லாரி லாரியாக மண் வந்தது. அந்த மண் கொட்டிய இடமெல்லாம் அடுத்த மழைக்கு வெள்ளைப் பூ வைத்த பார்த்தீனியம் எழுந்தது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் அந்தச் செடியை நான் பார்த்ததில்லை. டவுன்ஷிப்பில் அதைப் பிடுங்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. கை முழுக்கச் சொறி. மண் கொண்டுவந்தவர்கள் யாரும் வந்து சொறிந்துகொள்ளவில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு அறுப்புக்கு ஆள் கிடைப்பது குறைந்தது. மறைமலைநகர் கம்பெனிகளும் ஓ.எம்.ஆர். ஆபீஸ்களும் பெருக்கத் துடைக்க ஆள் தேடி வேன் அனுப்பின. காலனிப் பெண்கள் காலையில் டிபன் பாக்ஸோடு வேனில் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குனிந்து அறுத்த இடுப்புக்கு நிழலில் வேலை கிடைத்தது. அப்போதுதான் அறுப்பு மெஷின் வந்தது. சேலம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து, வழியில் இருக்கிற ஊர்களில் எல்லாம் அறுத்துக்கொண்டே வரும். சக்கரத்துக்குப் பதில் செயின். அந்தச் செயினின் பற்களுக்குள் வழியில் மிதித்த அத்தனை வயல்களின் சேறும் இருக்கும். உள்ளே பதர், வைக்கோல், நெல். எங்கள் பகுதிக்கு மெஷினை வரவழைத்தது ஊரில் ஒரு புரோக்கர். ரோட்டு மேட்டில் அவருக்கு ஒரு கொட்டாய். டிரைவர் தங்குவது, டீசல் வைப்பது, யார் வயலில் எப்போது இறங்குவது என்று முடிவாவது எல்லாம் அங்கேதான்.

முடிவாவது என்றால் எங்களுக்கு முடிவு எப்போதும் ஒன்றுதான். ஊர் வயல்கள் எல்லாம் முடிந்த பிறகு காலனி. எங்கள் நெல் முன்னால் முற்றியிருந்தாலும் அப்படித்தான். பொறுத்துக்கொண்டோம்.

மெஷின் அறுத்த முதல் சம்பாவுக்குப் பிறகு போட்ட பயிரில், என் வயலின் மேற்கு வரப்போரம், மெஷின் இறங்கிய வாக்கில், சில கதிர்கள் மீசை வைத்து நின்றன. ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் ஒரு நீளமான சுணை. கையால் தொட்டதும் உதிர்ந்தது. உரித்தால் உள்ளே அரிசி சிவப்பு. கதிர் வரும்வரை நம் நெல்லைப் போலவே நிற்கும். கதிர் வந்து, நாம் அடையாளம் கண்டு, குனிவதற்குள் உதிர்ந்துவிடும். உதிர்ந்தது மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து முளைக்கும். அதை நாங்கள் மீசை நெல் என்றோம்.

ஆபீசர் அம்மா அதை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டார்.

"இது உங்க விதையில வந்தது இல்ல. மெஷின்ல வந்திருக்கு. அடுத்த தடவை வயல்ல இறக்குறதுக்கு முன்னாடி மெஷினை நல்லா கழுவச் சொல்லுங்க" என்றார்.

"கழுவுவாங்களாம்மா?" என்று என் மனைவி கேட்டாள்.

"கேட்டுப் பாருங்க. இந்த தடவை கொஞ்சம்தான் இருக்கு, பிடுங்கிட்டீங்க, விட்டுடறேன். இனிமே பார்த்தா நான் அட்டை குடுக்க முடியாது. வாங்கிட்டுப் போறவங்க வயலும் கெட்டுடும் இல்ல?"

அவர் சொன்னது நியாயம். எங்கள் மூட்டையை நம்பி வாங்கிப் போகிறவன் வயலில் இந்தச் சனியன் முளைத்தால் அது எங்கள் பாவம்.

அடுத்த சம்பா முற்றியது. பொங்கலுக்கு முன்னால் மெஷின் வந்தது. கொட்டாய்க்குப் போய்ச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கொட்டாயில் புரோக்கர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் சிலர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தூர் டிரைவர் மெஷினுக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே நின்றேன்.

"இன்னாடா, வந்து நின்னுகினு கீற? மெஷினா? உங்க பக்கம் வர இன்னும் நாளாவும்" என்றார் புரோக்கர்.

"நாளாவட்டும் நைனா. எறக்கறதுக்கு முன்னாடி மெஷின ஒரு தபா கழுவிட்டு எறக்குனா..." என்றேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்ததில் பாதிதான் வெளியே வந்தது.

"இன்னாத்துக்கு?"

"அதுல வேற நெல்லு ஒட்டிகினு வர்து. எனுக்கு விதைநெல்லு. ஆபீசரம்மா சொன்னாங்க."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் முதலில் சிரித்தார். "கழுவி, மஞ்ச குங்குமம் வெச்சி, மேளம் அடிச்சி இட்டாரணுமா உன் வயலுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். புரோக்கர் சிரிக்கவில்லை. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இரு. இத்தினி நாளா மெஷின் எங்க வயல்ல ஓடிட்டு உங்க வயலுக்கு வர்து. நாங்க மிதிச்ச மெஷின கழுவிட்டு தான் நீ உள்ள வுடுவ. அத்தானே சொல்ற?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் நெல்லைப் பற்றிப் பேசினேன். அவர் காதில் விழுந்தது வேறு. எங்களைத் தொட்டால் குளிப்பது அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் பழக்கம். நாங்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் தண்ணீர் தெளித்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தை நான் திருப்பி அவர்கள் மேல் வைக்கிறேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நெல்லில் கலவன் என்று ஒருத்தன் சொன்னால் உடனே அவர் புத்தி எங்கே போகிறது பாருங்கள். கழுவுவது என்ற சொல்லை எதற்காக இவ்வளவு காலம் வைத்திருந்தார்கள் என்று அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் போல் நின்றது நான்தான்.

"அப்டி இல்ல நைனா. சேத்துல விதை ஒட்டிகினு..."

"எங்க சேறு உனுக்கு ஆவாது. நல்லா கீதுடா நாயம். போ. உனுக்கு மெஷினே இல்ல."

மெஷினுக்கு அடியிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார். "கழுவறதுக்கு என்னங்க, கொஞ்ச நேரந்தானுங்க ஆகும். அங்கங்க கேட்டாக் கழுவித்தானுங்க குடுக்கறோம்."

"நீ கிரீஸ் வை" என்றார் புரோக்கர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அவுங்க தெளிச்ச தண்ணியெல்லாம் சேத்தா ஏரி ரொம்பும். நாம்ப ஒரு தபா கேட்டது குத்தமாய்ப் போச்சா?" என்றாள். பிறகு அரிவாளைத் தேடி எடுத்தாள்.

கம்பெனி வேனுக்குப் போகிற பெண்களிடம் போய்க் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு போட்டும் அவர்கள் வந்து அறுத்தார்கள். நடுவே ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உன் நீல அட்டைக்கு என் முதுவு தான் கெடைச்சிதா" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அடித்து, தூற்றி, காயவைத்து மூட்டை கட்டினோம். அந்தத் தடவை நீல அட்டை வந்தது. மெஷின் என் வரப்பைத் தொடவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மாட்டுப்பொங்கல் வந்தது. முன்பெல்லாம் அன்றைக்கு ஊர் மாடுகள் எல்லாம் ஏரி மதகுக்குக் கீழே குளிக்கும். மாடு குறைந்து டிராக்டர் வந்த பிறகு டிராக்டரை அங்கே ஓட்டிவந்து கழுவி, கொம்புக்குப் பதில் விளக்குக்குப் பக்கத்தில் மாலை கட்டி, பொட்டு வைப்பார்கள். அது வழக்கமாகிவிட்டது. அந்த வருஷம் டிரைவர் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. மெஷினும் போகவில்லை. புரோக்கர் அதை மதகுக்குக் கீழே, பெரிய கால்வாயிலேயே இறக்கச் சொன்னார்.

நான் எதற்கோ ஏரிக்கரை வழியாகப் போனவன் பார்த்துவிட்டேன். மெஷின் கால்வாயில் நிற்கிறது. மதகிலிருந்து வரும் தண்ணீர் அதன் செயினுக்குள் புகுந்து கறுப்பாக வெளியேறுகிறது. இளைஞர்கள் மேலே ஏறி மூடிகளைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் உள்ளிருந்து வாரித் தள்ளுகிறார்கள். பதரும் வைக்கோல் தூளும் நெல்லும் ஒரு பாய் விரித்ததைப் போலக் கால்வாயில் மிதந்து கீழே போகின்றன. அடுத்த பயிருக்காக அப்போது எல்லா வயலுக்கும் தண்ணீர் விட்டிருந்தார்கள். எல்லா மடைகளும் திறந்திருந்தன.

மனைவியிடம் ஓடவில்லை. நேராக அவர்களிடமே போனேன். என் வாழ்நாளில் கூப்பிடாமல் அவர்கள் கூட்டத்துக்குள்ளேயே போய் நின்றது அதுதான் முதல் தடவை.

"நைனா, கால்வாய்ல வாணாம். மேட்டுல வெச்சி கழுவச் சொல்லுங்க. இந்தத் தண்ணி அத்தினி வயலுக்கும் போவுது."

புரோக்கர் கையில் குங்குமத் தட்டு இருந்தது. "கழுவச் சொன்னதே நீதான். இப்ப கழுவறோம். இதுவும் பேஜாரா உனுக்கு?"

"உங்க வயலுக்கும் தான் போவுது."

"எங்க வயல்ல எது மொளைச்சாலும் நாங்க துண்ணுக்கறோம். பண்டிக நாள்ல வந்து அழுதுகினு நிக்காத, போ."

ஒரு எலுமிச்சம்பழத்தைச் செயினுக்கு அடியில் வைத்தார். என் வயலுக்கு வருவதற்கு முன்னால் கழுவினால் அவமானம். சாமிக்கென்றால் எங்கே வேண்டுமானாலும் கழுவலாம். தண்ணீர் எங்கே போகிறது என்று திரும்பிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. கழுவின தண்ணீர் கீழேதான் போகும். கீழே இருப்பது நாங்கள்.

என் மடையை மண் போட்டு அடைத்தேன். மனைவி ஒரு பழைய புடவையை நாலாக மடித்துக் கால்வாய் வாயில் கட்டினாள். அதில் ஒட்டியதை மாலையில் உதறிப் பார்த்தபோது சுணையோடு நெல்மணிகள் இருந்தன. அவள் அவற்றைக் கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். பிறகு அடுப்பில் போட்டாள். ஆனால் நெல்லுக்குத் தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் அடைத்து வைப்பது? மடையை அடைத்தாலும் மேல் வயல்கள் நிரம்பி, வரப்புத் தாண்டி வழிகிற தண்ணீர் எங்களுக்குத்தான் வரும். மிதப்பதெல்லாம் கடைசியில், தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் ஒதுங்கும். வந்து ஒதுங்கியது.

பொங்கலுக்குப் பிறகு போட்ட அந்த நவரைப் பயிரில் மீசை நெல் எல்லா வயலிலும் இருந்தது. எங்கள் கடைசித் துண்டுகளில் அடர்த்தியாக இருந்தது. மனைவி விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை பிடுங்கினாள். நானும் டவுன்ஷிப் வேலைக்குப் போகாமல் இறங்கினேன். ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு போனால் மறுபக்கம் கதிர் விட்டு உதிர்ந்திருக்கும்.

ஆபீசர் அம்மா வந்தார். வரப்பில் நடந்து வந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். மேல் வயல்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயும் இருக்கே" என்றார்.

"அங்கேர்ந்து தாம்மா வந்துச்சி. மெஷின கால்வாய்ல கழுவுனாங்க" என்று என் மனைவி சொன்னாள்.

"அவங்க விதைக்குப் போடல. உங்களுக்குத்தான் நான் சொல்ல முடியும்." அவர் குரல் இறங்கிப்போய்விட்டது. "இந்தத் தடவை இல்லீங்கம்மா."

மனைவி தலையை ஆட்டினாள். அவர் போன பிறகு வரப்பில் உட்கார்ந்து காலில் இருந்த சேற்றைக் கழுவாமல் அப்படியே காயவிட்டாள். அந்த நெல் மில்லுக்குப் போனது.

அட்டை போனது ஒரு அடி. அதற்கு மேல் இன்னொன்று நடந்தது. ஆபீசர் வந்து என் வயலைத் தள்ளிவிட்டுப் போனார் என்ற செய்தி ஊருக்குள் போனது. மீசை வைத்த நெல் என்று ஒன்று இருக்கிறது என்பதே ஊரில் பலருக்கு அப்போதுதான் தெரியும். தங்கள் வயலில் நின்றதை அதுவரை அவர்கள் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு மில்காரன் சிவப்பு அரிசி கலந்திருக்கிறது என்று சொல்லி விலையைக் குறைத்தபோது பார்த்தார்கள்.

ரோட்டு டீக்கடையில் நான் வெளியே நின்று டீ வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒருவர் மற்றவரிடம் சொன்னார்:

"இந்தத் தபா என் நெல்லுல கூட காலனி நெல்லு கலந்துகினு கீது, மச்சான்."

"அது எங்கேர்ந்து வர்து?"

"அவுங்க பக்கத்துலேர்ந்து தான். ஆபீசர் வந்து புட்சிட்டு போனாங்களே, அது."

காலனி நெல். பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது, களை மட்டும் கீழிருந்து மேலே போய்விட்டதாம். என் வயலில் முதலில் ஆபீசர் கண்டுபிடித்தார் என்றால், ஆபீசர் வந்தது என் வயலுக்கு மட்டும்தான். வேறு யார் வயலுக்கு அவர் வருவார்? இதையெல்லாம் அங்கேயே சொல்லியிருக்கலாம். டீ கையில் சுட்டது. மிச்ச டீயை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். மனைவியிடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவளே வேறு எங்கோ கேட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த சம்பாவுக்கு அறுக்க ஆளே இல்லை. வேனுக்குப் போன பெண்களுக்கு லீவு எடுத்தால் வேலை போய்விடும் என்ற நிலை. மெஷினைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மனைவி வேறு வழியில்லை, கழுவச் சொல்லி மறுபடியும் கேள் என்றாள். நான் போய்க் கேட்பதற்கு அவசியமே வரவில்லை.

காலனியில் மற்றவர்கள் வயலில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் என் வயலையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள், என் முறை அடுத்து. அந்த வருஷம் புரோக்கருடைய ஒரு வயல் பின்னால் நட்டது, அப்போதுதான் முற்றியிருந்தது. அவர் வரப்பில் வந்து நின்று டிரைவரிடம் சத்தமாகச் சொன்னார்:

"இவன் வயலையும் முடிச்சிட்டு நேரா என் வயலுக்கு ஓட்டாத. மொதல்ல நல்லா கழுவு. செயின், உள்ள எல்லாம். காலனி நெல்லு ஒட்டிகினு வரும்."

டிரைவர் என்னைப் பார்த்தார். பழைய டிரைவர்தான். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கூச்சம் போய்விடவில்லை. ஆனால் வரப்பிலிருந்து இறங்கி மெஷின் வரும் வழியில் நின்றேன். அன்றைக்கு நான் அவரை நைனா என்று கூப்பிடவில்லை.

"கழுவட்டும். உங்க வயலுக்குப் போறதுக்கு முன்னாடி கழுவட்டும். ஆனா என் வயல்ல எறங்கறதுக்கு முன்னாடியும் கழுவணும்."

"இன்னாடா, பேச்சு ஒரு மாதிரியா கீது?"

"நீங்க சொன்னதைத் தான் நானும் சொல்றேன். உங்க வயலுக்கு ஒரு நாயம், என் வயலுக்கு ஒரு நாயமா? உங்களுக்குக் கழுவலாம்னா எனுக்கும் கழுவலாம்."

"கழுவிக்க. கால்வாய்ல எறக்கிக் கழுவிக்க."

"கால்வாய்ல வாணாம். உங்க கொட்டாய் மேட்டுல மோட்டார் கீது, ஓஸ் கீது. அந்தத் தண்ணி எந்த வயலுக்கும் போவாது. அங்க கழுவட்டும்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். காலனி ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இல்லை என்று சொன்னால், தன் வயலுக்கும் கழுவச் சொல்ல முடியாது. டிரைவர் குறுக்கே புகுந்தார். "ஓஸ் இருந்தா அதுதானுங்க சுலபம். கால்வாய்ல எறக்கினா ஏத்தறது சிரமமுங்க."

மெஷின் கொட்டாய் மேட்டுக்குப் போனது. காலனியில் இருந்து சிலர் பின்னாலேயே போய்ப் பார்த்தார்கள். என் மனைவியும் போனாள். அவளே துடைப்பத்தை வாங்கிச் செயின் பற்களுக்குள் இருந்ததை நோண்டி எடுத்தாள். "நல்லா நோண்டு, அக்கா, சேலத்து மண்ணெல்லாம் வருது" என்று டிரைவர் சிரித்தார். என் வயலில் இறங்குவதற்கு முன் ஒரு முறை, இறங்கி முடித்த பின் ஒரு முறை. புரோக்கர் இரண்டு தடவையும் கொட்டாயில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் வயல் ஒரே நாளில் சரியாகவில்லை. மண்ணில் கிடந்தது பருவத்துக்குப் பருவம் எழுந்தது. தண்ணீர் விட்டு முளைக்கவைத்து உழுது அழித்தோம். மறுபடி முளைத்தது, மறுபடி உழுதோம். கதிர் வெளியே வருமுன் தண்டைப் பிடித்துப் பார்த்தே அடையாளம் காண மனைவி பழகிக்கொண்டாள். பருவங்கள் போயின. ஆபீசர் அம்மா மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்தார். அவர் வயலை முழுவதுமாகச் சுற்றி வந்து, ஒன்றும் இல்லை என்றார். நீல அட்டை மறுபடியும் எங்கள் மூட்டைக்கு வந்தது. என் மனைவி இந்த முறை லாரிக்குப் பின்னால் போய் நிற்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த மழைக்காலத்தில் புரோக்கர் வழியில் என்னை நிறுத்தினார்.

"கொட்டா எதுர்ல பூரா காலனி நெல்லு மொளைச்சிகினு கீது. உன் பொஞ்சாதிக்குத் தான் அத்தப் புடுங்கற வெவரம் தெரியும். அனுப்பி வை."

மெஷின் கழுவிய இடம் அது. சேலத்திலிருந்து எங்கள் ஏரிவரை வழியில் மிதித்த வயல்கள் அத்தனையும் அங்கே கழுவி விடப்பட்டன. முளைத்தது ஊர் மேட்டில், அவர் வாசலுக்கு எதிரில். அதற்கும் பெயர் காலனி நெல்தான்.

"அது உங்க நெல்லு. நீங்களே புடுங்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் அவர் என்னவோ சொன்னார். திமிர் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது.